அக்கா வீட்டுக் கிணற்றில் வளையல்காரி

செப்டம்பர் 20, சனி

இன்று கூட்டத்தில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

பிழை கண்ணில் பட்டால் தேதியைப் போட்டு அதை முதலில் எழுது, அது எப்படி வந்தது என்று அப்புறம் வரிசையாக எழுது என்று எங்கள் கணக்குப்பதிவு வகுப்பில் சரவணகுமார் சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அதன்படியே எழுதுகிறேன்.

பகலில் நான் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மாலையில் அதே கட்டடத்தின் மாடியில் வகுப்பு. சனிக்கிழமை வகுப்பு முடிந்து பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால், அந்த அறை 'பன்னிரண்டாம் வளையல் விமர்சகர் பேரவை'யின் கூட்ட அரங்கம் ஆகிவிடும். 'பன்னிரண்டாம் வளையல்' என்பது வெள்ளிக்கிழமைதோறும் டிவியில் வரும் பேய்த் தொடர். வளையல்காரி என்ற ஆவி, தன்னைக் கொன்றவர்களை நான்கு வருடமாகக் கொன்றுகொண்டிருக்கிறாள். இன்னும் ஆட்கள் மீதமிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்த புதுப் பகுதியில் என்னென்ன பிழை என்று சனிக்கிழமை கண்டுபிடிப்பது பேரவையின் வேலை. சரவணகுமார் சார்தான் செயலாளர். நான் எப்படி உறுப்பினர் ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் பெஞ்சு திருப்ப உதவினேன், சட்டென்று பேட்ஜ் குத்திவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதுமே நேரமாகும்.

கூட்டம் வழக்கம்போல் மௌன அஞ்சலியோடு தொடங்கியது. நேற்றைய பகுதியில் இறந்த மூன்று பேருக்காக எழுந்து நின்றோம். அவர்களில் ஒருவர் போன வருடமே இறந்தவர், அப்போதும் அவருக்காக எழுந்து நின்றோம் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். அது 'பெரும்பிழை' என்று பதிவானது. அஞ்சலியைத் திரும்பப் பெறலாமா என்று விவாதித்து, வேண்டாம் என்று விட்டார்கள்.

பிழைகளில் சிறுபிழை, பெரும்பிழை, மன்னிக்க முடியாத பிழை என்று மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பிறகு அது கூரியரில் சென்னைக்கு, டிவி நிறுவனத்துக்குப் போகும். இதுவரை ஒரு பதிலும் வந்ததில்லை. பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று ஒரு தீர்மானம் போட்டு, அதையும் கூரியரில் அனுப்பினார்கள். அதற்கும் பதில் வரவில்லை. அன்று கைதட்டினோம்.

இனி பிழைக்கு வருகிறேன். நேற்றைய பகுதியின் கடைசியில் ஒரு மந்திரவாதி வளையல்காரியைக் கிணற்றுக்குள் இறக்கி, அவளுடைய பன்னிரண்டு கண்ணாடி வளையல்களில் கிடைத்த பதினொன்றை மேலே போட்டுக் கட்டினார். தர்க்கக் குழுத் தலைவர் அருணகிரி எழுந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், டிவியில் வரும் எதையும் நம்பமாட்டார்.

"அது கிணறே இல்லீங்க, செட்டு. தெர்மாகோல்ல சுவரு, உள்ள ஒரு ப்ளாஸ்டிக் தொட்டி. தண்ணி நெளியறத பாத்தீங்களா? நெஜக் கிணத்துல அப்படி நெளியாது. பெரும்பிழைன்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்று நாலைந்து குரல்கள்.

நான் கை தூக்கினேன். "சார், அது செட்டு இல்ல. அடி அண்ணாமலையில எங்க ரேவதி அக்கா வீட்டுக் கிணறு. போன மாசம் வந்து எடுத்துட்டுப் போனாங்க. அந்தத் தண்ணியதான் குடிக்கறோம்."

பெரும்பிழையை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் தெரியாது.

"எந்தத் தெரும்மா?"

சொன்னேன்.

"அப்போ அவ இப்போ அங்கதான் இருக்கா" என்றார்.

நான் சிரித்தேன். நான் மட்டும் சிரித்தேன். அவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தார்: "தொடரில் காட்டப்பட்ட எந்த நிலையும், அது மாறுவது இன்னொரு பகுதியில் காட்டப்படும் வரை, நடப்பில் இருப்பதாகவே கொள்ளப்படும்." படித்து முடித்து என்னைப் பார்த்து, "இது இல்லாம பிழை எப்படிம்மா கண்டுபிடிக்கறது? பேரவைக்கே அஸ்திவாரம் இதான்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் சரவணகுமார் சார் கிணற்றின் போட்டோ ஒன்று கேட்டார். கைபேசியில் இருந்ததை அனுப்பினேன். இது இரண்டாவது தவறா என்று இப்போது தெரியவில்லை. வரிசைக்காக எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டாவது தவறுதான்.

பேரவையின் யூடியூபில் அந்தப் போட்டோ வந்துவிட்டது. மேலே சிவப்பு எழுத்தில் 'வளையல்காரி இப்போது இருக்கும் கிணறு இதுதான்! அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை.' கீழே ஒரு அம்புக்குறி, யாரும் கிணற்றைத் தவறவிடாமல்.

அக்கா வீட்டு முன்பக்கம் நாஷ்டா கடை. பின்பக்கம் கிணறு. இட்லி மாவுக்கும் டீக்கும் அந்தத் தண்ணீர்தான். காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் சாப்பிடுவார்கள். அது அன்றாடத்துக்குச் சரியாகிவிடும். மாதச் செலவைத் தாங்குவது பௌர்ணமி. மலை சுற்ற வருகிற ஜனம் அக்கா கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் மேலே நடக்கும். அக்கா வீட்டுக்காரர் முருகையன் மாமாவின் வேனுக்கு மூன்று மாதமாகச் சவாரி கம்மி. வீடும் கடையும் வாடகைக்கு எடுத்தவை. வரும் பௌர்ணமி தவறினால் வாடகை நிற்கும். வீட்டு ஓனர் ஏற்கெனவே கடை இடத்தைச் செல்போன் கடைக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று கிணற்றைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள். "அக்கா, ராத்திரில சத்தம் எதுனா வருதா?" என்று கேட்டார்கள். "வருது. எங்க ஊட்டுக்காரரு கொறட்ட" என்றாள் அக்கா. சிரித்தார்கள். ஒருவரும் டீ குடிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வேலைக்குப் போகும் முன் அக்கா கடைக்குப் போனேன். இட்லிப் பானை மூடியபடியே இருந்தது. பக்கத்துத் தெரு சரோஜா தினமும் வீட்டுக்கு இட்லி வாங்குகிறவள். இன்று கடையைத் தாண்டிப் போனாள். அக்கா கூப்பிட்டாள்.

"இன்னா சரோஜா, பாக்காத மாதிரி போற?"

"அய்ய, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல ரேவதி. எங்க மாமியாருதான் கொஞ்ச நாளு வேணாம்னுது."

மாமியாரை வழியில் பார்த்தேன். தனக்கும் நம்பிக்கை இல்லை, மகன்தான் பயப்படுகிறான் என்றார். மகன் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தார். அவருக்கும் நம்பிக்கை இல்லையாம், குழந்தைகளுக்காகப் பார்க்கிறாராம். குழந்தைகளிடம் கேட்கவில்லை. அவர்கள் கிணற்றைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி அழுகிறார்கள் என்று கேள்வி.

முறையாக விசாரித்ததில் தெரிவது: இந்த ஊரில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. ஒருவரும் இட்லி வாங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். கணக்கு இடிக்கிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

செப்டம்பர் 27, சனி

அக்காவைப் பேரவைக்கு அழைத்துப் போனேன். நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நான்தான் சொன்னேன். இட்லித்துணி பிழிந்த கையோடு வந்தாள். விருந்தினர் என்று ஒரு நாற்காலி போட்டார்கள்.

முதலில் அஞ்சலி. நேற்றைய பகுதி முழுவதும் ஃப்ளாஷ்பேக். அதில் வளையல்காரியே உயிரோடு இருந்தபோது கொல்லப்பட்டாள். அவளுக்கு எழுந்து நிற்பதா என்று சிக்கல் வந்தது. இறந்துவிட்டதால் நிற்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. இன்னும் இருக்கிறாள், இருப்பவருக்கு அஞ்சலி செலுத்தினால் கோபப்படுவாள் என்றது இன்னொரு தரப்பு. கடைசியில் பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் காதில், "இவங்க எல்லாம் பகல்ல இன்னா வேல செய்யறாங்கடி?" என்று கேட்டாள்.

பிறகு அவளைப் பேசச் சொன்னார்கள்.

"சார், சுருக்கமா சொல்லிடறேன், போயி மாவு ஆட்டணும். கடைக்கு ஆளு வரல. கிணத்துல பேய் கீதுன்னு நீங்கதான் போட்டீங்க. இல்லன்னு நீங்களே ஒரு வார்த்த போட்டுடுங்க. அவ்ளோதான்."

கோதண்டராமன் ஐயா எழுந்து நின்று பதில் சொன்னார். எழுந்து நின்றால் நீளமாகப் பேசுவார் என்று அர்த்தம்.

"அம்மா, முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நாங்க அறிவியல் பார்வை உள்ளவங்க. பேய் இருக்குன்னு இந்தப் பேரவை என்னிக்கும் சொன்னதில்ல. பேய் இருக்குன்னு தொடர் சொல்லுது. தொடர் சொல்றது சரியா இருக்கணும்னு நாங்க சொல்றோம். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியணும்."

"புரியுது சார். அப்போ பேய் இல்லதானே?"

"இல்லவே இல்ல."

"அத போட்டுடுங்க."

"அது எப்படிம்மா போட முடியும்? பேய் இல்லன்னு நாங்க எழுத்துல குடுத்தா, முதல் பகுதியிலேர்ந்து எல்லாமே மன்னிக்க முடியாத பிழை ஆயிடுமே. நாலு வருஷமா ஒவ்வொரு பிழையா தனித்தனியா கண்டுபிடிச்சிருக்கோம். அவ்வளவு உழைப்பும் ஒரே வரில போயிடாதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். உழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பின் பெஞ்சில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிழைப்பு போவுது சார் எனக்கு" என்றாள் அக்கா.

"அதுக்கும் பேரவையில வழி இருக்கு" என்று சரவணகுமார் சார் எழுந்தார். "ஒரு துணைக்குழு போட்டு கிணத்த நேர்ல ஆய்வு பண்ணி சான்று குடுப்போம்."

சான்று என்றதும் அக்காவின் முகம் தெளிந்தது. என் முகமும் தெளிந்திருக்க வேண்டும். என்ன சான்று என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அக்காவுக்கு மாவு ஞாபகம். எனக்கு என்ன ஞாபகம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

துணைக்குழு வந்தது. அருணகிரி டிரைபாட், கேமரா, அளவு டேப்போடு வந்தார். தலைவர் தொப்பியோடு வந்தார். செயலாளர் பெரிய குழாய் மாதிரி எதையோ சுருட்டி எடுத்து வந்தார்.

கைபேசியில் தொடரின் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு கிணற்றோடு ஒப்பிட்டார்கள்.

"தொடர்ல இங்க துவைக்கற கல்லு இல்லியே" என்றார் அருணகிரி.

"ஷூட்டிங் அன்னிக்கு நகத்தி வச்சாங்க. அப்பறம் பழைய எடத்துலயே போட்டுக்கிட்டோம்" என்றாள் அக்கா.

"பிழை. எடுத்துடுங்க."

"இன்னாது?"

"மோட்டாரும் அதுல இல்ல. பைப்பு இல்ல. பக்கெட்டு சில்வர்ல இருந்துச்சு, இது பச்ச ப்ளாஸ்டிக். சுவத்துல பாசி ஜாஸ்தி இருந்துச்சு. நீங்க கழுவிட்டீங்களா?"

"கிணத்தங்கரையக் கழுவாம?"

"கழுவியிருக்கக் கூடாது" என்று அவர் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

அதுவரை வாசலில் வேன் டயரைத் தட்டிக்கொண்டிருந்த முருகையன் மாமா உள்ளே வந்தார். "யோவ், என் கிணத்துல பிழை கண்டுபிடிக்க நீ யாருய்யா? டிவில தப்பா காட்டினான்னா டிவியப் போயி கேளு!"

"கேட்டுட்டுதாங்க இருக்கோம்" என்றார் கோதண்டராமன் ஐயா பொறுமையாக. "அவங்க பதில் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க. அதனால உங்க பக்கம் திருத்தறது சுலபம்."

மாமா கையில் ஸ்பேனர் இருந்தது. அக்கா அதை மெல்ல வாங்கி வைத்தாள்.

கடைசியில் சான்று. சுருட்டி எடுத்து வந்தது ஃப்ளெக்ஸ். நல்ல தடிமனானது, வாசல் அகலத்துக்கு இருந்தது. ஒரு மூலையில் வளையல்காரியின் கை. நடுவில் அவளைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தலைவர் கோதண்டராமனின் முகம், கும்பிட்டபடி. கீழே: 'வளையல்காரி குடியிருக்கும் அசல் கிணறு. பேரவையால் சரிபார்க்கப்பட்டது.'

"சார், நாங்க கேட்டது பேய் இல்லன்னு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"கவிநிலா, செட்டுன்னு நாங்க போட்ட பெரும்பிழைய நீதானே மறுத்த? அத ஏத்துக்கிட்டுதான் இத குடுக்கறோம். இது உனக்குக் கெடைச்ச வெற்றி" என்றார் சரவணகுமார் சார். அவர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். கணக்கில் தவறிய ஒரு பைசாவைக் கண்டுபிடித்தால் வகுப்பில் இதே மாதிரிதான் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் மதித்து வந்தேன்.

ஃப்ளெக்ஸைக் கடைவாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். மாமா அவிழ்க்கப் போனார். "உடு, பௌர்ணமிக்கு முன்னாடி ரவுசு வேணாம்" என்றாள் அக்கா.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று நல்ல செய்தி. தெளிவாக எழுத வேண்டும்.

புதுப் பகுதியை அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வளையல்காரி பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். நம் கிணற்றிலிருந்து எப்படிப் போனாள், ஏன் போனாள், பன்னிரண்டாவது வளையல் என்ன ஆயிற்று, ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட் திறந்தது, நின்றாள், ஒருவரைக் கொன்றாள், விளம்பரம் வந்தது.

நான்கு வருடத்தில் இவ்வளவு மோசமான பகுதி வந்ததில்லை. அக்கா எழுந்து டிவிக்குக் கற்பூரம் காட்டாத குறைதான்.

"போயிட்டாடி! நல்லா இருக்கட்டும்! பெங்களூர்ல நல்ல க்ளைமேட்டு, அங்கயே இருக்கட்டும்!"

பௌர்ணமி திங்கட்கிழமை. அக்கா வழக்கமாகப் போடுவதைவிட ஜாஸ்தியாகவே அரிசி எடுத்து வைத்தாள். மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சரோஜா, "எனக்குதான் முதல்லயே நம்பிக்க இல்லியே" என்று ஒரு கிண்ணம் சட்னி கடன் வாங்கிப் போனாளாம்.

அக்டோபர் 4, சனி

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

மௌன அஞ்சலி முடிந்தது. அருணகிரி எழுந்தார். அவ்வளவு கோபத்தோடு அவரைப் பார்த்ததில்லை.

"நேத்து வந்த பகுதி இந்தத் தொடருக்கே துரோகம். முன்னாடி கிணத்துல கட்டினாங்க. இப்போ லிஃப்டுல வரா. கிணத்துலேர்ந்து வெளிய வந்தத யாராவது பாத்தீங்களா? காட்டினாங்களா? இது மன்னிக்க முடியாத பிழை. இந்தப் பகுதி செல்லாதுன்னு முன்மொழியறேன்."

அறை முழுவதும் கை உயர்ந்தது. பெஞ்சைத் தட்டினார்கள். ஒருவர் அழுதார். செல்லாது என்று தீர்மானம் ஆயிற்று.

எனக்கு உடனே புரியவில்லை. தலைவர் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தபோது புரிந்தது. நான் எழுந்தேன்.

"சார், அவ பெங்களூர்ல இருக்கா. எல்லாரும் பாத்தோம்."

"பகுதி செல்லாதும்மா. செல்லாத பகுதில வந்த மாற்றமும் செல்லாது. மாறறது காட்டப்படற வரைக்கும் பழைய நிலைதான். அவ கிணத்துலதான் இருக்கா."

"அப்போ லிஃப்டுல வந்தது யாரு?"

"அது அந்த நடிகை" என்றார் அருணகிரி.

இதை நான் மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் இப்படித்தான் சொன்னார். லிஃப்டில் வந்தது நடிகை. எங்கள் கிணற்றில் இருப்பது பேய்.

"சார், கிணத்துல எறங்கினதும் அதே நடிகைதான். எறங்கிட்டு, ஏறி வந்து, எங்க அக்கா குடுத்த இட்லிய சாப்பிட்டுட்டு வேன்ல ஏறிப் போனாங்க. நானே தண்ணி குடுத்தேன்!"

"அது தொடர்ல வரலியே" என்றார் சரவணகுமார் சார்.

ஒரு திருத்தம் முன்மொழிந்தேன். கிணற்றை மட்டும் விலக்கிவிடுங்கள், பேயை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று. வழிமொழிய ஒருவர் வேண்டும். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர் அக்கா கடையில் சாப்பிட்டவர்கள். எல்லோரும் பேட்ஜைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"திருத்தம் வழிமொழியப்படாததால் விழுந்தது" என்றார் தலைவர். "கவிநிலா, உன் உணர்ச்சி புரியுது. ஆனா ஒரு விமர்சகர் தன் குடும்பத்துக்காக தொடரோட தர்க்கத்த வளைக்கக் கூடாது. இன்னிக்கு உங்க அக்காவுக்காக வளைப்போம். நாளைக்கு வேற யாராவது வந்து, எங்க வீட்டுக் கட்டில்ல உக்காந்த பேய எடுங்கம்பாங்க. அப்பறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

எதற்கு இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். படி இறங்கி வந்து, சைக்கிள் பூட்டைத் திறந்த பிறகுதான் அது தோன்றியது. எனக்கு எல்லாமே படி இறங்கிய பிறகுதான் தோன்றும்.

நான் கிளம்பும்போது இன்னொரு தீர்மானமும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனம் பேயைக் கவனிக்காமல் விட்டுவிட்டதால், அதைக் கட்டி வைக்கும் பொறுப்பை ரசிகர்களே ஏற்பது. பௌர்ணமி அன்று மலை சுற்ற வரும் ஒவ்வொரு ரசிகரும் கிணற்றில் ஒரு கண்ணாடி வளையல் போடுவது. அதற்குப் பெயர் காவல் வளையல். "உங்க அக்கா குடும்பத்தோட பாதுகாப்புக்கும் சேத்துதாம்மா" என்று தலைவர் மாடிப்படியில் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

அக்டோபர் 6, திங்கள்

ஜெராக்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். மாவு பொங்கி நின்றது. சாம்பாருக்குக் காய் நறுக்கியாகிவிட்டது. பின்கட்டுக் கதவைப் பூட்டச் சொல்லி மாமாவிடம் சொல்லியிருந்தேன். பூட்டத்தான் செய்தார். ரசிகர்கள் வேலிப் பக்கமாக வந்தார்கள்.

மதியத்துக்கு மேல் பாதையில் கூட்டம் ஏற ஏற இங்கேயும் ஏறியது. கல்லூரிப் பையன்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வளையலைப் போட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வளையல் உள்சுவரில் பட்டு உடையும் சத்தம் நிற்கவே இல்லை. "போடாதீங்க, குடிக்கற தண்ணி" என்று கத்தினேன். "பேரவையில சொன்னாங்களேக்கா" என்றான் ஒரு பையன், மிகவும் மரியாதையாக.

அக்கா டீக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள். வாளியை இறக்கி இழுத்தாள். பச்சை வாளிக்குள் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிச் சில்லு மின்னியது. கையை விட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் ரத்தம் வந்தது.

கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம் என்றேன். காலையில் பிடித்து வைத்த தண்ணீர் எது, பிறகு எடுத்தது எது என்று அக்காவால் பிரிக்க முடியவில்லை. சாம்பார் எதில் வைத்தாள், அரிசியை எதில் கழுவினாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"ஒரு கொழந்த தொண்டைல ஒரு சில்லு போச்சுன்னா? வேணாம்டி. மூடு."

பௌர்ணமி அன்று, ஜனம் தோளோடு தோள் உரசிப் போகும் பாதையில், அக்கா கடையை மூடினாள். பேய் இருக்கிறது என்று பேசியபோதெல்லாம் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தது. பேயிடமிருந்து காப்பாற்ற வந்தவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். இதைவிட எளிமையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. வாசலுக்குப் போய் ஃப்ளெக்ஸின் கயிற்றைக் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தேன். மாமாவும் நானும் அதைக் கிணற்றுக்கு மேல் விரித்து, சுற்றிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினோம். நல்ல அளவு. கோதண்டராமன் ஐயாவின் முகம் கும்பிட்டபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த வளையல் அவர் நெற்றியில் விழுந்து மூக்கோரமாக உருண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். பின்னால் சரவணகுமார் சார், மைக்கோடு. தலைவர் முதலில் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கிணற்றைப் பார்த்தார். டங்கென்று இன்னொரு வளையல் விழுந்தது.

"யாரு செஞ்சது இது? எடு! என் மூஞ்சி மேல போடறாங்க!"

"அது ஃப்ளெக்ஸ் சார்" என்றேன்.

"நான்தாம்மா அது!"

"அப்படியா? விதிப்படியே பேசறேன் சார். உங்கள இங்க காட்டியாச்சு. நீங்க எறங்கறத காட்டற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கீங்க. யாராவது வழிமொழியுங்க."

"நான் வழிமொழியறேன்" என்றார் மாமா. உறுப்பினர் இல்லாதவர் வழிமொழிய முடியாது என்று சரவணகுமார் சார் ஆரம்பித்தார். மாமா அவரைப் பார்த்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

நான் பேட்ஜைக் கழற்றி அவர் கையிலிருந்த மைக் மேல் குத்தினேன். "சார், நாளையிலேர்ந்து வகுப்புக்கு வரல. கணக்குல ஆளு காணாமப் போனா உங்களுக்குக் கண்ணு தெரியாது, பைசா போனாதான் தெரியும்." அவர் மைக்கை அணைத்தார். விதிமுறையில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. கூட்டம் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு மலைப் பாதைக்குத் திரும்பியது.

வெயில் தாழ்ந்த பிறகு சரோஜா வந்தாள். கதவருகில் நின்றுகொண்டு, "ரேவதி, தப்பா நெனைக்காத. நானும் ஒண்ணு போட்டேன். உன் நல்லதுக்குத்தான்" என்றாள்.

அக்கா விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கலரு?"

"பச்ச."

"நாளைக்கு ஒரு பக்கெட்டோட வா. நீ போட்டத நீயே பொறுக்கு."

சரோஜா சரி என்று தலையாட்டினாள். வருவாளா என்று தெரியாது.

வீட்டு ஓனர் மாலை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பொங்கிய மாவு இரண்டு அண்டா இருக்கிறது. அதையும் கொட்டத்தான் வேண்டும், மதியம் இட்லி ஊற்ற எந்தத் தண்ணீரைக் கலந்தாள் என்று தெரியாது.

நாளை செய்ய வேண்டியது: கிணற்றைக் கையால் இறைக்க வேண்டும். மோட்டார் போடக் கூடாது, சில்லை உறிஞ்சினால் கெட்டுவிடும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் மாமா கயிறு கட்டி இறங்குவார். அவருக்கு ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் காலையில் கடை திறந்ததும் வாங்க வேண்டும்.